முழங்கை அளவு

மனையியல் படித்துவிட்டு நலமையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கும் அவளை, முதுகுவலி என்று ஒரு தையல்காரம்மா வீட்டுக்கு அழைத்திருந்தாள். அந்தம்மாவோ குள்ளம்; சமையல் மேசையோ உயரம். பிறகென்ன, ஆலோசகருக்கு நோய் பிடிபட்டுவிட்டது. அளவு நாடாவை எடுத்தாள். தையல்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நான் பாத்துக்கறேங்க, நீங்க அசையாம நில்லுங்க."

முழங்கை உயரத்தை அளந்து, தச்சரை வரவழைத்து, மேசைக் கால்களில் நான்கு அங்குலம் அறுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஒரு மாதம் கழித்து எட்டிப் பார்த்தபோது, தையல்காரம்மாவின் நெட்டைக் கணவர் அந்த மேசைமேல் மடங்கிக் கிடந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல இருபது வருஷமா நான்தாம்மா சமைக்கிறேன்," என்றார், கோபமே இல்லாமல். "அவளுக்கு அது தையல் மெஷின்ல குனிஞ்சு வந்த வலி. இப்ப எனக்கும் வந்துடுச்சு."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேசைக்காலுக்குக் கட்டை கொடுக்க வைத்தாள். தையல்காரம்மாவுக்குச் சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி வாங்கித் தந்தாள். நலமையப் படிவத்தின் முதல் வரியாக, 'சமைப்பது யார்?' என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் வழக்கம்போலத் தொட்டிமேல் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொட்டிக்கு உயரம் சொன்னவள் அவள்தான், தன் முழங்கையை அளந்து.

பைக்குள் நாடாவைத் தேடிய கை நின்றது.

"உங்களுக்கு இடுப்பு எப்பலேருந்து வலிக்குது?"

"இந்தத் தொட்டி வந்ததுலேருந்து," என்றார் அவர், நிமிராமலே.