மூன்றாம் பத்தியைக் காணோம்

நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுப் பிரிவில் அவளுக்கு மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. பணி நிரந்தர ஆணை தயாராகி, செயலாளர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் அவளிடம் ஓர் ஒப்பீட்டு அட்டவணை கேட்டார்கள்.

புதிய அரசியலமைப்பின் வரைவு நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் வந்திருந்தது. அதில் அதிபர் சபையைக் கலைக்கலாம், நீதிபதிகளை நியமிக்கலாம், நெருக்கடி நிலை அறிவிக்கலாம். ஊர் உலகத்தில் இல்லாததா என்றது அரசுத் தரப்பு. அதை நிரூபிக்கத்தான் ஒப்பீடு.

அவள் அட்டவணையில் நான்கு பத்திகள் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் எண் இட்டாள். ஒன்று, நாடு. இரண்டு, அதிபரின் அதிகாரம். மூன்று, அவரைத் தடுப்பது யார். நான்கு, சட்டப்பிரிவு எண். பிரான்சில் அதிபர் சபையைக் கலைக்கலாம். ஆனால் தேர்தல் முடிந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி கலைக்க முடியாது. அமெரிக்காவில் அவர் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கலாம். செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். தென் கொரியாவில் ராணுவச் சட்டம் அறிவிக்கலாம். சபையில் பெரும்பான்மை கேட்டால் விலக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதிகாரத்தை மட்டும் பிய்த்து எடுத்து, தடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள் நம்மவர்கள்.

செயலாளருக்கு நூலகத்தில் 'கத்தரிக்கோல்' என்று பெயர். மூன்றாம் பத்தி இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடு என்றார் தேனாக. பேசும்போதே அவளுடைய ஆணையை மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக் காட்டினார்.

வீட்டில் அவள் கணவன் கிரீஸ் கறை போக உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"லிஃப்டை மேல ஏத்த யாரு வேணா ஏத்திடலாம். சொன்ன இடத்துல நிக்குதான்னு பாக்கத்தான் என்னைக் கூப்பிடறாங்க."

வேலை போனால் என்ன செய்வது என்றாள். இன்னும் ரெண்டு கட்டடம் சேர்த்துப் பார்க்கிறேன், நீ பயந்து சாகாதே என்றான்.

காலையில் அவள் மூன்றாம் பத்தியை எடுத்தாள். மற்ற பத்திகளின் எண்ணைத் தொடவில்லை. செயலாளர் அவசரத்தில், பத்தி இல்லை என்பதை மட்டும் பார்த்துத் தலையாட்டினார்.

குழுக் கூட்டத்தில் நூலக ஊழியர் தானாக வாய் திறக்கக் கூடாது. ஆனால் உறுப்பினர் எவராவது கேட்டால் முழு பதிலும் சொல்ல வேண்டும். அன்றைக்கே எல்லோருக்கும் எழுத்தில் தரவும் வேண்டும். விதி அப்படி. அவள் சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தாள். பக்கங்கள் புரண்டன. யாரும் எதுவும் கேட்கவில்லை. குழுத் தலைவர் வாக்கெடுப்புக்குத் தொண்டையைச் செருமினார்.

ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர், பழைய கணக்கு வாத்தியார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு. மூணு எங்க போச்சு?"

அச்சுப் பிழை என்று செயலாளர் முந்திக்கொண்டார்.

"உங்களைக் கேக்கலீங்க. கீழ யார் பேர் இருக்கோ அவங்களைக் கேக்கறேன்."

அவள் எழுந்தாள்.

"பிழை இல்லீங்கய்யா. எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். அதிபரை யார் தடுக்கலாம்னு அதுல இருந்துச்சு."

"நம்ம வரைவுக்கு என்னம்மா போட்டிருந்தே?"

"யாரும் இல்லைன்னு."

அவள் பையிலிருந்து முழு அட்டவணையின் பதினோரு பிரதிகளை எடுத்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். வாத்தியார் கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். இதற்கு இன்றைக்குக் கைதூக்க என்னால் ஆகாது என்றார். அவர் பக்கத்தில் இருந்த இருவரும் பேனாவை மூடினார்கள். ஆதரவை எண்ணிப் பார்த்த தலைவர் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்.

நடைபாதையில் செயலாளர் அவளை மறித்தார். முகத்தில் தேன் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம், ஆணை கிழிந்தது என்று வைத்துக்கொள் என்றார்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"எழுத்துல குடுங்க சார். காரணம்னு ஒரு இடம் இருக்கும், அதையும் நிரப்பிக் குடுங்க. அதை மட்டும் கத்தரிச்சிடாதீங்க."

அவள் படியிறங்கவில்லை. நூலகத்துக்குத் திரும்பி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள்.