பொனட்டில் மூன்று கோடு

எங்கள் கார் கடுநீலம். வெள்ளை வேண்டாம் என்று அம்மா சொன்னபோது யாரும் காரணம் கேட்கவில்லை. ஆட்களைக் கடத்திப்போகிற வான்களெல்லாம் வெள்ளையாக இருந்த இரண்டாயிரத்து எட்டில் கொழும்பில் இருந்துகொண்டு, வெள்ளை வாகனம் ஏன் வேண்டாம் என்று கேட்கிறவன் ஒன்றில் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும் அல்லது எங்கள் குடும்பத்தில் பெண் எடுக்கத் தகுதியில்லாதவனாக இருக்க வேண்டும்.

அப்பாவின் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. காப்புறுதிக் கம்பனியொன்றில், மற்றவர்களுடைய கார்கள் இடிபட்டதற்கு ஏன் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று அறிக்கை எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். இடிபடாத கார் ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிட்ட நின்று பார்த்தது தன்னுடையதை வாங்கும்போதுதான். யப்பானில் ஓடிய கார். ஒரு கிழவி சந்தைக்குப் போக மட்டும் எடுத்தது என்று விற்றவர் சொன்னார். கொழும்பில் விற்கப்படுகிற எல்லாக் காரையும் அந்தக் கிழவிதான் ஓடியிருக்கிறாள். சந்தைக்குப் போயே களைத்துப்போயிருப்பாள்.

காரை வாங்கியது அம்மாவுக்காக. செவ்வாயும் வெள்ளியும் காலையில் பொரளையில் ஓர் இயந்திரம் அம்மாவின் இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி உள்ளே விடும். அவளுடைய சிறுநீரகங்கள் அப்பாவுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. தாதி பெயரைக் கூப்பிடும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். அம்மா அடுத்த முறை வரும்வரை ஊதிய காலோடு, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சாய்மனைக் கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். சென்றியில், ஆமிக்காரர் வீதியை மறித்துச் சோதிக்கிற இடத்தில், எல்லோரையும் இறக்கி நடக்க விட்டார்கள். ஓட்டோவில் போய்ப் பார்த்தோம். ஓட்டோக்காரனையும் சேர்த்து விசாரித்ததில், திரும்பி வரும்போது அவன் எங்களோடு கதைப்பதை நிறுத்தியிருந்தான். ஆகவே கார்.

கார் வந்தது மார்கழியில். தை பிறந்த பிறகுதான் பூசை வைக்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார். பூசையில்லாத அந்த வாரங்களில் சென்றிக்காரர்கள் தங்கள் பூசையைச் செய்தார்கள். துவக்கின் அடிக்கட்டை ஒரு கதவில் உரசியது. குண்டு இருக்கிறதா என்று காரின் அடியில் தள்ளிப் பார்க்கிற கண்ணாடித் தட்டு இன்னொரு கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்தது. பொனட்டை டோர்ச்சால் தட்டிப் பார்த்தார்கள். உள்ளே யாராவது பதில் சொல்வார்கள் என்று நினைத்தார்களோ தெரியாது.

அப்பாவிடம் ஒரு கொள்கை இருந்தது. "கீறல் விழுந்த காரைத்தான் உவங்கள் மறிக்கிறது. பளபளவெண்டு இருந்தா, உள்ளுக்கு ஆரோ பெரிய ஆள் எண்டு விட்டிடுவாங்கள்."

"உள்ளுக்கு நாங்கள்தானே இருக்கிறம்?" என்றேன்.

"அது கண்ணாடியை இறக்கினாப் பிறகுதானே தெரியும்" என்றார் அப்பா.

இந்தக் கொள்கையின்படிதான் நாங்கள் கொட்டாஞ்சேனையில் பௌஸியிடம் போனோம். பௌஸி ஷார்ஜாவில் கார் மினுக்குகிற இடமொன்றில் வேலை செய்தவர். எவ்வளவு காலம் என்று கேட்டால் ஷார்ஜாவின் வெயிலைப் பற்றிச் சொல்லுவார். காரின் பெயின்ட்டுக்கு மேல் தெளிந்த பிலிம் ஒட்டுவதுதான் அவருடைய புதுத் தொழில்.

"கண்ணுக்கே தெரியாது அங்கிள். கல்லடிச்சாலும் பிலிம்லதான் படும், பெயின்ட்டுக்கு ஒண்டும் ஆகாது. ஷேக்மார்ட காருக்கெல்லாம் இததான் ஒட்டின."

"கண்ணுக்குத் தெரியாத சாமானை ஏன் தம்பி ஒட்டுவான்?"

"தெரியாம ஈக்கிறதுக்குத்தான் அங்கிள்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அந்த வருடங்களில் தமிழர் நிறைந்த எங்கள் வெள்ளவத்தையே காலையில் எழும்பிப் பல் துலக்கியது.

தை பிறந்தது. பம்பலப்பிட்டிக் கோயிலில் பூசை முடித்து, எலுமிச்சம்பழங்களை நசித்து, அப்படியே கொட்டாஞ்சேனைக்கு விட்டோம். ஐயர் பொனட்டின் நடுவில் சந்தனத்தோடு குழைத்த விபூதியால் மூன்று விரல் அகலத்துக்கு மூன்று குறி இழுத்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார். என்ஜின் சூட்டில் அது சுவருக்குச் சாந்து பூசிய மாதிரிக் காய்ந்து போயிருந்தது. பௌஸி கதவுக் கீறல்களைத் தேய்த்து மறைத்து, பிலிமை ஒட்டிக்கொண்டு வந்தார். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து, பிலிமைப் பரப்பி, ரப்பர் தகட்டால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுகிற வேலை. பொனட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அன்டி, இத கழுவணும். தூசி ஈந்தா பிலிம் புடிக்காது."

அம்மா காருக்குள்ளிருந்தபடி கண்ணாடியை இறக்கினாள். "தூசியோ? தம்பி, அது ஐயர் பூசின விபூதி. கையாலை துடைக்கக் கூடாது. தன்பாட்டிலை போகோணும்."

"தன்பாட்டுல எப்ப போகும்?"

"மழை பெய்யப் போகும்."

"பிலிம் ஒட்டினா மழை உள்ளுக்குப் போகாதே அன்டி."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பௌஸி துணியை அப்பாவிடம் நீட்டினார். "அங்கிள், நீங்க துடைச்சித் தாங்க. சாமி சாமான்ல நான் கை வைக்க மாட்டேன். உம்மா கேள்விப்பட்டா ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

அப்பா துணியை வாங்கி, காருக்குள் பார்த்து, என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ துடை."

"உங்கடை மனிசி, உங்கடை கார்" என்றேன்.

துணி மறுபடி பௌஸியிடம் போனது. அவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர் படாமல், குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரிப் பிலிமைப் போர்த்தி ஓரங்களை அழுத்தினார். விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் உள்ளே. அருங்காட்சியகத்தில்கூட இப்படிக் கவனமாக வைக்க மாட்டார்கள்.

அம்மா மறுபடி கண்ணாடியை இறக்கினாள். "எத்தினை வருஷம் தாங்கும்?"

"அஞ்சு வருஷம் கெரன்ட்டி அன்டி."

"அஞ்சு வருஷமோ" என்றாள் அம்மா. "பரவாயில்லை. அதாவது இருக்கட்டும்."

அப்பா ஏதோ தேடுகிறவர் போலக் காரின் பின்பக்கம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கொள்கை பரீட்சைக்குப் போனது. முன்பெல்லாம் அடையாள அட்டையைப் பார்த்த பிறகுதான் எங்கள் தமிழ்ப் பெயர் சென்றிக்காரருக்குத் தெரியும். இப்போது கார் தூரத்திலேயே நெற்றியில் பெயரை எழுதிக்கொண்டு வந்தது. ஹவ்லொக் வீதியில் கை காட்டி ஓரத்துக்கு எடுக்கச் சொன்னார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, டிக்கி, மேலதிக சில்லு, அம்மாவின் தலையணை, தலையணை உறை. அடுத்த சென்றியிலும் அதே ஒழுங்கில் அதே சாமான்கள். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் முன்பைவிட நேரத்தோடு வெளிக்கிட்டோம். நாங்கள் நேரத்தோடு போக, அவர்களும் ஆறுதலாகச் சோதித்தார்கள். சில வாரங்களில் ஹவ்லொக் வீதிச் சென்றியில் நின்ற மாத்தறைப் பொடியனுக்கு நாங்கள் பழகிவிட்டோம். பொனட்டைக் கண்டதும், "ஆ, லெட அம்மாகே கார் எக்க," நோயாளி அம்மாவின் கார், என்று கையை அசைத்து விட்டுவிடுவான். அம்மா அவனுக்கு ஒருநாள் கோயில் வடை கொடுத்தாள். விபூதியால்தான் வழி பிறந்தது என்று எங்களுக்கும் சொன்னாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாத்தறைப் பொடியன் அங்கே இல்லை. வேறு படைப்பிரிவு வந்திருந்தது. போனவன் வடக்கே சண்டைக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். அதை யாரிடமும் கேட்கவில்லை.

புதியவன் பொனட்டைச் சுற்றி வந்தான். பெருவிரலால் விபூதியைத் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். போகவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தபோது பிலிமின் ஓரம் தட்டுப்பட்டது. அப்படியே இரண்டடி பின்வாங்கினான்.

"மே மொகத்த?"

இது என்ன என்று அவன் கேட்டதற்கு அப்பா காப்புறுதிச் சிங்களத்தில் விளக்கினார். பெயின்ட்டைப் பாதுகாக்கிற பிலிம், ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை எதற்கு ஒட்டினாய் என்று அவன் கேட்டான். அப்பா பௌஸியிடம் கேட்ட அதே கேள்விதான். பௌஸி சொன்ன பதிலை அப்பா திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மேலதிகாரி வந்தார். அவரும் பெருவிரலால் துடைத்தார். எங்களை இறக்கி வெயிலில் நிறுத்தினார்கள். அம்மாவுக்கு மட்டும் ஒரு மணல் மூட்டையில் இருக்க அனுமதி கிடைத்தது. அப்பா பௌஸிக்கு போன் எடுத்துக் கொடுக்க, பௌஸி மேலதிகாரியோடு சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். ஷார்ஜா, ஷேக் என்ற சொற்கள் மட்டும் வெளியே கேட்டன. கடைசியில் மேலதிகாரி, தன்னுடைய மோட்டார் சைக்கிள் டாங்கிக்கும் இது ஒட்ட முடியுமா என்று விசாரித்தார். முடியுமாம். எங்களைப் போகச் சொன்னார்கள்.

பொரளையில் அம்மாவின் இடத்தில் வேறொரு பெண் படுத்திருந்தாள். சிவந்த குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். யார்மீது கோபப்படுவதென்று தெரியாத இடம் அது.

"சரி, வீட்டை போவம்" என்றாள் அம்மா.

ஞாயிறு வரை அவள் சாய்மனைக் கதிரையிலேயே இருந்தாள். தண்ணீரை மூடியால் அளந்து குடித்தாள். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே நின்றது. அப்பா பௌஸிக்கு போன் பண்ணினார்.

"இப்ப உரிக்க வாணாம் அங்கிள். நான் பதுளைல நிக்கிறேன். வந்து சூடு காட்டி மெல்லமா எடுத்துத் தாறேன். ஒரு பத்து நாள் பொறுங்க."

"எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தம்பி" என்று சொல்லி அப்பா போனை வைத்தார்.

கதிரையிலிருந்து அம்மா கேட்டாள். "என்னப்பா, பிலிமை உரிச்சா விபூதி என்ன செய்யும்?"

"உரிஞ்சு பறக்கும், வேறை என்ன."

"அப்ப உரியுங்கோ. பிலிமைத்தானே உரிக்கிறியள். விபூதியை ஒருத்தரும் துடைக்கேல்லை."

முப்பது வருடம் காப்புறுதியில் இருந்த அப்பாவுக்கு இப்படி ஒரு வழி தோன்றவில்லை.

ஒழுங்கையில் காரை நிறுத்தி, அக்காவின் பழைய தலைமுடி காய வைக்கும் கருவியைச் சன்னல் வழியாக வயர் விட்டு எடுத்து, பொனட்டுக்குச் சூடு காட்டினோம். அம்மா கதிரையை வாசலுக்கு இழுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஓரத்தைக் கிளப்பிப் பிடித்து இழுத்தார். பிலிம் நல்ல வடிவாக வந்தது. பெயின்ட்டும் அதோடு வந்தது.

பாய் அகலத்துக்கு நீலத் தோல் உரிந்து, கீழே சாம்பல் நிறத்தில், நெளிவை நிரப்பிப் பூசுகிற பட்டி தெரிந்தது. அப்பா குனிந்து விரலால் தட்டினார். அந்த ஒலி அவருக்குத் தெரியும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் எத்தனையோ பேருக்குப் பணம் இல்லையென்று எழுதியிருக்கிறார். இடிபட்டு நெளிந்த பொனட்டை நிமிர்த்தி, பட்டி போட்டு, மேலால் நீலம் அடித்திருந்தார்கள்.

"கிழவி சந்தைக்குள்ளையே கொண்டுபோய் விட்டிருக்கிறாள்" என்றேன்.

பிலிம் அப்பாவின் கையில், ஒரு பக்கம் நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா சுவரைப் பிடித்து மெல்ல எழும்பி வந்தாள். உரிந்த இடத்துக்கு நடுவில் விபூதி பொருக்காகக் கிடந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து ஊதினாள். முதல் ஊதலுக்கு அசையவில்லை. மூச்சு வாங்கி நின்று, மறுபடி ஊதினாள். மூன்றாவது தடவை பொருக்குகள் கிளம்பி ஒழுங்கையில் போயின.

விபூதி போய்விட்டது. ஆனால் விபூதி இருந்த இடத்தில் பிலிம் பெயின்ட்டைப் பிடித்திருக்கவில்லை. அந்த இடத்துப் பெயின்ட் மட்டும் உரியாமல் அப்படியே நின்றது. சாம்பல் நிறப் பட்டியில் அழகாக மூன்று நீலக் கோடுகள், நடுவில் ஒரு நீலப் பொட்டு.

அப்பா பெருவிரலால் ஒரு கோட்டைத் தேய்த்துப் பார்த்தார்.

"இதைத் துடைக்கேலாதப்பா" என்றாள் அம்மா. அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா களைப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டோடு வெளிக்கிட்டோம். ஹவ்லொக் வீதியில் அதே புதியவன். கையைக் காட்டினான். அப்பா நிறுத்தினார். அம்மா முன் ஆசனத்தில் கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய மூச்சு காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. அவன் பொனட்டுக்கு முன்னால் வந்து நின்று, பெருவிரலை வைத்துத் தேய்த்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. நகத்தால் ஓரத்தைத் தேடினான். ஓரமும் இல்லை.

"பெயின்ட் எக்க கியா, சேர்" என்றார் அப்பா, தலையை வெளியே நீட்டி. பெயின்ட் போய்விட்டது என்று.

அவன் உரிந்த பொனட்டைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பெரிய ஆள் ஒருவரும் இந்தக் காருக்குள் இல்லை என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. "அபோ" என்று நாக்கைச் சப்புக்கொட்டி, "யன்ன, யன்ன," போங்கள், போங்கள், என்று கையை அசைத்தான். டிக்கியைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை.

அடுத்த சென்றியில் தலையணை உறை வரை பார்த்தார்கள். அவர்கள் நின்ற பக்கத்திலிருந்து கதவுதான் தெரிந்தது, அது இன்னும் பளபளவென்று இருந்தது. ஆனாலும் தாதி பெயரைக் கூப்பிட்டபோது அம்மா அங்கே இருந்தாள். ஜெகதீஸ்வரி என்ற பெயரில் பாதியைத்தான் தாதி சொன்னாள். மிச்சத்துக்கு முன்பே அம்மா கையை உயர்த்திவிட்டாள்.

ஊசி ஏற்றி, குழாய்கள் சிவக்கத் தொடங்கிய பிறகு அவள் அப்பாவைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் கதவுகளையும் உரிச்சிட்டா மற்றச் சென்றியிலையும் விட்டிடுவாங்கள்."

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"கதவிலை இருக்கிறது ஒரிஜினல் பெயின்ட் ஈஸ்வரி" என்றார் கவலையோடு. "அது வராது."