தேயாத பள்ளம்

கம்பியை ஒரு சாண் பின்னால் இழுத்த பிறகும் திரையில் இரண்டாவது பள்ளம் இம்மியும் நகரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். முதல் பள்ளம் நல்ல பிள்ளையாகப் பின்தங்கியது. இரண்டாவது அடம்பிடித்து அங்கேயே உட்கார்ந்திருந்தது.

எஃகுக் கலனுக்குள் ஊதா வெளிச்சமாகப் பிளாஸ்மா, மின்னேறிய வாயு. அதில் ஒரு வாயுவைக் கொஞ்சம் கலந்தால், அது எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொண்டு எதிர்மின் அயனிகளாகிவிடும். அப்புறம் எல்லாம் தலைகீழ். மேடாக ஓடவேண்டிய அலை பள்ளமாக ஓடும். கம்பியின் நுனியிலுள்ள வலை அதைக் கிளப்பிவிடும், அது எதிர்முனைத் தகட்டில் மோதித் திரும்பும். திரையில் முதல் பள்ளம் போகும் அலை, இரண்டாவது திரும்பி வரும் அலை. தேய்ந்துதான் திரும்பும் என்று ஊரே சொல்ல, இவர்களுடையது மட்டும் தேயாமல் திரும்பியது. இவர்கள் என்றால் அவளும் அவள் கணவனும். அளந்தது அவள், கட்டுரையாக எழுதியது அவன். அந்தப் பள்ளத்தை நம்பித்தான் நாளை அவனுக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல். ஒப்பந்தத்தை நீட்டி நீட்டியே இருவருக்கும் தலை நரைத்துக்கொண்டிருந்தது.

வலைக்குக் கொடுக்கும் மின் துடிப்புகள் அடுத்தடுத்து விழுவதால், எந்தப் பள்ளம் எந்தத் துடிப்பின் பிள்ளை என்று திரை சொல்லாது. வலையை நகர்த்தினால் தெரிந்துவிடும். ஆனால் கம்பியைத் தொட்டால் அது நுழையும் இடத்திலுள்ள பழைய ரப்பர் வளையம் காற்றை உள்ளே விட்டுவிடும் என்று, இத்தனை நாளும் அளக்கும் முனையை மட்டுமே நகர்த்தினார்கள். "அதுல மட்டும் கை வைக்காத" என்று அவன்தான் சொல்லியிருந்தான். இன்று வளையம் புதிது. சும்மா இழுத்துப் பார்த்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான்.

அவன் நாளைக்கென்று இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். "இன்னும் கிளம்பலையா நீ?"

"இங்க வாங்களேன். வலையைப் பின்னால இழுத்தேன். திரும்பி வர்றதும் தள்ளிப் போகணும்ல? போகலைங்க."

அவன் திரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாததா? ஆனாலும், "அதனால?" என்றான்.

"அது மோதித் திரும்புறதே இல்ல. நாம குடுக்குற துடிப்பு தகட்டுக்கும் கசியுது. தகடே புதுசா அலையைக் கிளப்புது. கிணத்துல கத்திட்டு எதிரொலின்னு நெனச்சோம். உள்ள ஒருத்தன் உக்காந்து கத்திக்கிட்டிருக்கான்."

அவன் சிரிக்கவில்லை. சட்டையை நாற்காலியில் போட்டான்.

"நாளைக்கு ஒருநாள் பொறுத்திருக்கலாம்ல நீ?"

அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும். பொறுத்திருக்கலாம்தான். பொறுத்திருந்தால் அது வெறும் தவறாகவே இருந்திருக்கும். இப்போது தெரிந்துகொண்டு போய்ப் பேசினால் பொய். அந்தப் பொய்யை அவன் பேச வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பேசினால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"தள்ளி நில்லு" என்றான் அவன்.

கம்பியைப் பிடித்து மெதுவாக இழுத்தான். முதல் பள்ளம் விலகி விலகிப் போனது. கம்பி கடைசித் தடுப்பில் முட்டி நின்றது. இரண்டாவது பள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கலனின் சுவரில் ஊன்றி, இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.