பெட்டியின் மேல் இருந்த கை

என் மகள் மில்ட்ரெட்டின் படங்களைப் பற்றி முதன்முதலாகப் பத்திரிகையில் வந்ததை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் மனுவேல். சபை கமிட்டியில் என்னோடு இருப்பவர். கோர்ப்படியில் எங்கள் வரிசையில் கடைசி வீடு அவருடையது. நல்ல செய்திக்கு அவர் அவ்வளவு வேகமாக நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, பேப்பர் பாத்தியளா? உங்க கையப் பத்தி எழுதியிருக்கான்."

"என் கையப் பத்தியா?"

"மூஞ்சியப் பத்தியும் உண்டு. ஆனா கைதான் ஜாஸ்தி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் முன்னாலேயே படித்தேன். அவர் எதிரில் என் முகம் மாறக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

மில்ட்ரெட் பம்பாயில் ஓவியம் படித்தவள். அங்கேயே ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புகளையும் பிஸ்கட்டுகளையும் போட்டோ எடுக்கிறாள். மீதி நேரத்தில் பழைய போட்டோக்களைப் பெரிதாக்கி அவற்றின் மேல் வண்ணம் பூசுவாள். அந்த 1984ஆம் வருஷம் எங்கள் ஊரிலேயே டெக்கான் ஜிம்கானா பக்கம் ஒரு கூடத்தில் அவள் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சிக்கு இடம் கொடுத்தார்கள். அதற்காக அவள் அம்மாவின் அடக்கப் படத்தைக் கேட்டாள். நானே அலமாரியைத் திறந்து படத்தையும் நெகடிவையும் எடுத்துக் கொடுத்தேன். படத்துக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று கேட்டதற்கு "வீட்டுத் தலைவர்" என்றாள். சரியான பெயர் என்று நினைத்தேன்.

அடக்கப் படம் என்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். சவப்பெட்டியை மூடுமுன் வாசலில் இரண்டு ஸ்டூல்களின் மேல் வைத்து, சுற்றிலும் எல்லோரும் நிற்க, போட்டோக்காரர் நாற்காலிமேல் ஏறி எடுப்பார். வர முடியாத சொந்தங்களுக்கு அதன் பிரதியை அனுப்புவோம். அவர்களுக்குக் கடைசி முகம் அதுதான். என் மனைவி சத்தியவதி இறந்தபோது அவள் தாயார் சொந்த ஊரான நாசரேத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். அந்த அம்மாளுக்காகத்தான் அன்று படம் எடுத்தோம்.

பத்திரிகையில் எழுதியவர் பெயர் கோட்போலே. எழுதியது ஆங்கிலத்தில். மில்ட்ரெட் சுற்றியிருந்த அத்தனை சொந்தங்களையும் வெள்ளைச் சாயத்தால் மூடிவிட்டு, பெட்டியையும் என்னையும் மட்டும் விட்டிருக்கிறாளாம். 'மனைவியின் சவப்பெட்டியைத் தன் ஆபீஸ் மேசையைப் போல் அழுத்திப் பிடித்திருக்கும் மனிதர். அந்தக் கையில் துக்கம் இல்லை, அதிகாரம் இருக்கிறது. தன் வீட்டை இரக்கமில்லாமல் பார்க்கும் துணிவு இந்த இளம் கலைஞருக்கு உண்டு. இவரைக் கவனிக்க வேண்டும்.'

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று பேப்பரை மடித்துக் கொடுத்தேன்.

மனுவேலுக்கு ஏமாற்றம். "நீங்க சொன்னாச் சரி" என்று போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யார் யார் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கண்காட்சி நடந்த அந்த வாரம் மில்ட்ரெட் என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். சமையலறையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளுக்கு நீ பதில் எழுதப்போறியா, நான் எழுதட்டுமா?"

"எதுக்கு டாடி? கரெக்டாதான் எழுதிருக்கார்."

"என்ன கரெக்ட்?"

"நான் பாத்ததைத்தான் படமா வெச்சேன். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு." ரொட்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு எங்களை யாரையும் அழ விடல நீங்க. 'போட்டோ முடியட்டும், நேரா நில்லு'ன்னீங்க. மம்மி பக்கத்துல வரக்கூட முடியல. நீங்க பெட்டியைப் புடிச்சிட்டு நின்னீங்க. அவ்ளோதான் எனக்கு ஞாபகம் இருக்கு."

என்னை அறியாத ஒருவன் எழுதியதை என்னால் தாங்க முடியும். என் பெண்ணும் இத்தனை வருஷம் அப்படியேதான் நினைத்திருக்கிறாள். புருஷன் பெண்டாட்டிக்குச் செய்ததைப் பிள்ளையிடம் விளக்கிச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

படத்தை எடுத்துவிடச் சொல்லலாம். சொன்னால் எடுத்துவிடுவாள். ஆனால் எழுதியது உண்மை, அதனால்தான் கிழவர் எடுக்கச் சொன்னார் என்று ஆகிவிடும். ஆகவே மறுநாள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, டெக்கான் பஸ் பிடித்துப் போய், அந்தப் படத்தின் பக்கத்தில் நின்றேன். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ என் எதிரில் சொல்லட்டும்.

படம் ஒரு கதவு அகலம் இருந்தது. நான் பெட்டியின் தலைமாட்டில் நிற்கிறேன். ஆபீஸில் எனக்கு மேலே இருந்தவர்கள்கூட நான் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார்கள் என்பார்கள், அந்த முகம்தான். சுற்றிலும் வெள்ளை. என் தம்பி, மைத்துனர்கள், மில்ட்ரெட், யாரும் இல்லை. இவ்வளவு பெரிதாக சத்தியவதியின் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் அதற்கு முதுகு காட்டியே நின்றேன்.

வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்வார்கள். கல்லூரிப் பெண்கள் சிலர், "அரே, ஹே தேச் ஆஜோபா!" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அதே தாத்தாதான் என்று அர்த்தம். நான் நேராகப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"டாடி, ப்ளீஸ். வீட்டுக்குப் போங்க" என்றாள் மில்ட்ரெட். "எல்லாரும் படத்தை விட்டுட்டு உங்களைப் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"கால் வலிக்கும். சேராவது போடறேன்."

"வேண்டாம்."

கண்காட்சி முடியும்வரை தினமும் போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. கூடத்தின் மறுகோடியில் என் பெண் யார் யாரோடோ மராத்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பது எனக்குத் தெரியாது.

கடைசி நாள் கோட்போலே வந்தார். ஜிப்பா போட்ட ஒல்லியான மனிதர். யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு வந்து ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னார். நான் என் பெயரைச் சொன்னேன். மன்னிப்பு என்று ஏதாவது தொடங்கியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவர் தொடங்கவில்லை. என்னைப் பார்ப்பதைத் தவிர்ப்பதற்காகவோ என்னவோ, படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, என் விரல்களுக்கு அருகில் மூக்கை வைத்தார்.

"அன்றைக்குக் காற்று அடித்ததா?"

நானும் திரும்பிப் பார்த்தேன். படத்தில் எல்லாம் கூர்மையாக இருந்தது. சத்தியவதியின் மேல் போர்த்தியிருந்த வலைத்துணியின் ஓரம் மட்டும், என் சுண்டுவிரலைத் தாண்டிய இடத்தில், புகைபோலக் கலங்கியிருந்தது.

"ஆமாம். ஜூன் மாதம். மழைக்கு முந்தின காற்று."

"துணி முகத்தின்மேல் வந்துகொண்டிருந்ததா?"

"அவள் தாயாருக்கு முகம் தெரிய வேண்டும்."

அவர் தலையை அசைத்தார். அப்படியே வெளியே போய்விட்டார். எழுதியதை மாற்றி எழுதுவது அவர்கள் தொழிலில் இல்லை போலும். அடுத்த வாரம் ஏதோ நாடகத்தைப் பற்றி எழுதியிருந்தார்.

மில்ட்ரெட் டீ கிளாஸோடு எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுப் படத்தருகே போனாள். "இதை நெகடிவ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள். மேலே சாயம் பூசலாமா என்றுகூட யோசித்தாளாம்.

ரிக்ஷாவில் திரும்பும்போது, பண்ட் கார்டன் தாண்டியபின், கேட்டாள்: "ஏன் டாடி என்கிட்ட சொல்லல?"

"நீ அங்கதானே நின்னே."

"பம்பாய்ல இந்தப் படத்தைக் கேக்கறாங்க. கீழே ஒரு கார்டுல எழுதி வெச்சிடறேன். காத்து, பாட்டிக்காக நீங்க துணியைப் புடிச்சிட்டு நின்னது... எல்லாம்."

"வேண்டாம்."

"அங்கயும் இப்டியேதான் எழுதுவாங்க."

"எழுதட்டும். நம்ம வீட்டுத் துக்கத்தச் சீட்டு எழுதி ஒட்டுத அளவுக்கு நாம தாழ்ந்து போகல. உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"போதும்."

வீட்டு வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த நாள் ரயிலில் படங்களோடு போய்விட்டாள்.

டிசம்பரில் மனுவேல் மறுபடி வேகமாக வந்தார். கையில் பம்பாய்ப் பேப்பர்.

"அண்ணாச்சி, அங்க உள்ளவனும் அதையேதான் சொல்லுதான். கல்நெஞ்சுன்னே போட்டிருக்கான். நீங்க ஒரு வரி எழுதிப் போட்டா என்ன?"

"பாப்பாவப் பத்தி என்ன சொல்லுதான்?"

"பெரிய ஆளா வருவாளாம்."

"பொறவென்ன?" என்று அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனபின், மில்ட்ரெட் திருப்பிக் கொடுத்திருந்த சின்ன அசல் படத்தை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னலருகே வைத்துப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். கால்மாட்டில் மில்ட்ரெட், உதட்டைக் கடித்துக்கொண்டு, நான் சொன்னபடி நேராக நிற்கிறாள். துணியின் ஓரம் கலங்கியிருப்பது இதில் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. அவள் பெரிதாக்கிய படத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. அந்தப் படம் பம்பாயில் ஏதோ ஒரு சுவரில், பக்கத்தில் யாரும் இல்லாமல், மாட்டியிருந்தது.