சித்தப்பா தூங்கிய தூக்கம்

உலகத்தில் படுத்துக் கிடந்து கெட்டவன் என்று ஒருவனும் கிடையாது. கெட்டவர்கள் அத்தனை பேரும் எழுந்து நடந்தவர்களே. இந்த உண்மையைப் புற்றுநோய் வார்டுக்கு அறிவித்தவனுக்குக் கல்லூரியில் சபாநாயகர் என்று பெயர். மருந்து ஏற ஏற முடியெல்லாம் கொட்டிவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பிசியோ அக்கா அவன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். எவ்வளவு நடக்கிறான், எவ்வளவு தூங்குகிறான் என்று அது சொல்லிவிடுமாம். பகலில் நடந்தால் ராத்திரி தூக்கம் வருமாம். சபாநாயகர் வராண்டாவை எட்டிப் பார்த்தான். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நாலைந்து பேர் போனார்கள். விளக்குக் கம்பத்தைத் திருடிக்கொண்டு இவ்வளவு மெதுவாக ஓடும் கும்பலை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னான்.

அக்கா தலை மறைந்ததும் பட்டை சித்தப்பாவின் கைக்குப் போனது. துணைக்கு வந்த சித்தப்பாவுக்கு நடக்காமல் போன் பேச வராது. மாடி மாடியாக ஏறி இறங்குவார். தலை சாய்ந்தால் குறட்டை.

அடுத்த வாரம், அவன் கைக்குத் திரும்பியிருந்த பட்டையைப் பார்த்த அக்கா பூரித்துப்போனாள். வார்டு முழுக்க அவன் பெருமைதான். அவனோ அந்த வாரம் முழுக்கச் சரியாகக் கண்ணே மூடவில்லை. மூடினால், நோய் இந்த மருந்துக்குக் கேட்குமா என்ற ஒரே கேள்வி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அதற்கு மட்டும் அவனிடம் நக்கல் கிடையாது.

டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்டான். அவர் பட்டையின் கணக்கைத் திரையில் பார்த்தார்.

"இப்படித் தூங்குற பையனுக்கு எதுக்குப்பா மாத்திரை? எனக்கே இந்தத் தூக்கம் கிடையாது."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பாராட்டு தனக்குத்தான் என்பதால் சித்தப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே சித்தப்பா."

"என்னத்தடா சொல்றது? நான் நல்லாத்தான தூங்குறேன்." பிறகு அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் நடந்தா எனக்குத்தான்டா தூக்கம் வரும். உனக்கு எப்படி வரும்?"

சபாநாயகர் சித்தப்பாவின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தான்.

மத்தியானம் சித்தப்பா நாற்காலியில் குறட்டை விட ஆரம்பித்ததும், பட்டையை மெல்லக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டான். செருப்பைக் காலால் துழாவி மாட்டினான். ஸ்டாண்டின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. நின்று பார்த்தான், யாரும் விழிக்கவில்லை. வராண்டாவில் பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. எதிரே ஒரு பள்ளிக்கூடப் பெண் தன் ஸ்டாண்டோடு வந்தாள். அவளுக்குச் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டு, மேலே நடந்தான்.