நடுங்கினால்தான் அசல்

அந்தக் குழுவில் அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் படித்த படிப்புக்கும் அந்தப் பட்டத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவள் திரைச்சீலை தைக்கிறவள். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று நாள் முழுக்கத் தைத்துத் தள்ளுவாள். சின்ன ஜாதி நாய் வளர்க்கிற நூற்றுச் சொச்சம் பேர் போனில் நடத்திக்கொண்டிருந்த குழு அது. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் அவளுடையதாகத்தான் இருக்கும். காலால் மெஷினை மிதித்துக்கொண்டே போனைப் பார்த்துப் பேசி அனுப்பிவிடுவாள். டைப் அடிக்கக் கை ஒழியாது. வாய்க்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அவளுடைய நாய்க்குப் பெயர் பொட்டு. இரண்டு கிலோ தேறாத வெள்ளைப் பொமரேனியன், நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி. லிஃப்ட் பழுது பார்க்கிற கணவன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை பொட்டுதான். பெட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் கட்டி வரும் என்று குழுவில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் வீட்டில் செய்யாமல் இருக்க முடியுமா? ஜோடி சேர்த்தாள். சினை பிடித்தது தெரிந்த நாளிலிருந்து கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தாள். அதுவும் குழுவில் எல்லோரும் செய்வதுதான். நான்கு குட்டிகள், நான்கும் நன்றாகப் பால் குடித்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆகப்போகிற ஒரு மதியம், பொட்டு குட்டிகளின் பெட்டியை விட்டு வெளியே வந்து நடக்க ஆரம்பித்தது. சிமெண்டுத் தரையில் நகம் இடிக்கிற சத்தம் சுவரோரமாகப் போய்ப் போய்த் திரும்பியது. குட்டிகள் பாலுக்குக் கத்தின. பொட்டு காதில் வாங்கவில்லை. முகத்தை நாற்காலிக் காலில் தேய்த்தது, மறுபடி நடந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால்கள் நடுங்கின.

நடுக்கம்தானே என்று நினைத்தாள். சின்ன ஜாதி என்றால் நடுங்கத்தான் செய்யும். கம்பளித் துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் துணியைத் தள்ளித் தைத்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. நடுக்கம் கால்களிலிருந்து முதுகுக்கு ஏறியது. நாக்கு வெளியே தொங்கி மூச்சு வாங்கியது. துண்டுக்குள் கையை விட்டாள், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது.

முதல் தடவையாக அவள் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டாள். நடுங்குகிற நாயைப் படம் பிடித்துப் போட்டு, யாருக்காவது இது என்னவென்று தெரியுமா என்றாள். டாக்டரம்மாவுக்கே வைத்தியமா என்று இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்று பேர் போர்வையை இறுக்கிப் போர்த்தச் சொன்னார்கள். ஒரு பேக்கரிக்காரர் ஒரு குரல்பதிவை அனுப்பினார். பலமுறை கைமாறி வந்தது என்று அதன் தலையில் போட்டிருந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: இது ஒரு பெரிய நாய் டாக்டர் பேசியது, கேட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அதைத் தட்டினாள். முதலில் கேட்டது குரல் அல்ல, தையல் மெஷின் ஓடுகிற சத்தம். பத்து மிதிக்கு ஒரு தடவை கிறீச்சென்று இழுக்கிற மெஷின். எத்தனை எண்ணெய் விட்டாலும் போகாத அந்தக் கிறீச்சு உலகத்தில் ஒரே மெஷினுக்குத்தான் உண்டு. அது அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"நடுங்குதேன்னு யாரும் பயப்படாதீங்க," என்றது அவளுடைய குரல், அவ்வளவு உறுதியாக. "நடுங்கினாத்தான் அசல் ரத்தம். நல்லாப் போர்த்தி மடியில வச்சுக்கங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, அந்த அலைச்சல்லதான் சின்ன நாய்ங்க செத்துப்போகும்."

இதை யார் எனக்குச் சொன்னார்கள் என்று யோசித்தாள். எங்கேயாவது படித்திருப்போம் என்று மனதுக்குள் தேடினாள். ஒன்றும் இல்லை. பொட்டுவை விற்ற ஆள் மட்டும் நினைவுக்கு வந்தான். அன்றைக்கு அவன் கையில் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது, வாங்கலாமா வேண்டாமா என்று இவள் தயங்கி நின்றாள். நடுங்கினால்தான் அசல் என்றான் அவன். வியாபாரம் முடியட்டும் என்று ஒருவன் வாசலில் நின்று சொன்ன ஒரு வாக்கியம். மீதியெல்லாம் இவள் வாயிலிருந்து வந்தது.

அதற்கப்புறம் அவள் எதையும் யோசிக்கவில்லை. துண்டை உருவி எறிந்தாள், நாயை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கால்நடை மருத்துவர் நான்கு தெரு தள்ளி இருந்தார். மூன்றாவது தெருவில் பொட்டுவின் கால்கள் குச்சியாக விறைத்துக்கொண்டன, பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. என்னை விட்டுட்டுப் போயிடாதே என்று அவள் வாய்விட்டு அழுததை ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மருத்துவர் அதிகம் பேசாத மனிதர். முன்னங்காலில் முடியை மழித்து ஊசியைச் சொருகி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே மருந்தைத் துளித்துளியாக ஏற்றினார். எவ்வளவு நேரமாக நடுங்குகிறது என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்று பொய் சொன்னாள். இரண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பால் கொடுக்கிற சின்ன நாய்களுக்கு ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கிவிடும், அதுதான் இது என்றார். அவள் அவசரமாக, கால்சியம் முன்னாலேயே நிறையக் கொடுத்தேனே என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளப் பழகாமல் போய்விடும், தேவைப்படுகிற நேரத்தில் கைவிட்டுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். போர்வை போர்த்தினீர்களா என்றும் கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"ஏற்கெனவே காய்ச்சல்ல கொதிக்குது, அதைப் போய்ப் போர்த்தலாமா? இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தா நடுக்கம் நின்னிருக்கும்."

"நின்னிருக்குமா?"

"மூச்சும் சேர்ந்து நின்னிருக்கும்மா."

அரை மணி நேரத்தில் பொட்டுவின் கால்கள் இளகின. கண்ணைத் திறந்து அவள் புறங்கையை ஒரு தடவை நக்கியது. குட்டிகளுக்கு நாளை வரை புட்டிப்பால்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். பிழைத்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. அந்தக் குரல்பதிவை அவள் சும்மா பேசி அனுப்பவில்லை. யாரோ ஒருத்தருக்குப் பதிலாக அனுப்பினாள்.

குழுவில் பழைய பேச்சைத் தள்ளித் தள்ளி மேலே போனாள். போன வருஷத்தில் கிடைத்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற பெண், பட்டன் என்று ஒரு நாய் வைத்திருந்தவள். குட்டி போட்ட நாய் நடுங்குகிறது, பயமாக இருக்கிறது என்று படத்தோடு கேட்டிருந்தாள். இவள் பேசி அனுப்பியதற்கு, இப்போதுதான் உயிரே வந்தது என்று நன்றி சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் தினமும் பட்டனின் படம் வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று இவள் ஒரு தடவையும் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சுக்கு வந்து கூப்பிட்டாள். மறுமுனையில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிற சத்தம் டப்டப்பென்று விழுந்துகொண்டிருந்தது. பட்டன் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அது அன்னைக்கே போயிடுச்சேக்கா. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல. நீங்க சொன்ன மாதிரியே போர்த்தி மடியில வச்சிருந்தேன். சாயங்காலம் நடுக்கம் நின்னுடுச்சு. சரியாப் போச்சுன்னு நானும் அசந்துட்டேன். அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் போல."

அந்தப் பெண் தொடர்ந்தாள். "ஏன்க்கா, பொட்டு நடுங்குதா? பயப்படாதீங்க, நீங்கதானே எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னீங்க. பட்டனுக்கப்புறம் வாங்கின குட்டிப்பொண்ணும் போன வாரம் மூணு குட்டி போட்டிருக்கா. நீங்க பேசினதை நான் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்."

இப்போதே போனை வைத்துவிடலாம். நாயின் ஆயுளை யார் கணக்குப் பார்க்கப்போகிறார்கள்? டாக்டரம்மா டாக்டரம்மாவாகவே இருக்கலாம். உள்ளே பொட்டு மெல்லக் குரைக்கிறது கேட்டது. இரண்டு கிலோ தேறாத அந்த உயிருக்காக எவ்வளவு பயந்தாளோ, அதைவிட அதிகமாக இந்தப் பெண்ணுக்குப் பயந்தாள்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா," என்றாள்.

முத்திரை குத்துகிற சத்தம் நின்றது.

"எது தப்புக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.