சங்குமுகத்து அலுவலகம்

...கரமனைப் பாலம் வரைக்கும் பயமில்லை, பாலம் தாண்டினால் கிள்ளிப்பாலம், அங்கிருந்து அட்டக்குளங்கரை, ஈஞ்சக்கல், அதுவரை கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிவிடலாம், அப்புறம் பைபாஸ், பைபாசில் ஏறி அந்தக் கண் ஆஸ்பத்திரிப் பலகை மட்டும் கண்ணில் பட்டால் போதும், போனைத் தொடாமலே காரியம் முடிந்துவிடும், யாரும் தொடாமல் இருக்கவேண்டும் கர்த்தாவே... பிரவின்ராஜ் வழியை உள்ளுக்குள் உருப்போட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். பக்கத்தில் மனைவி அஞ்சு, இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பின்சீட்டில் அவள் அம்மா ரத்னாபாய், போன மாதம் புரை எடுத்த கண்ணை இன்று டாக்டர் திரும்பப் பார்க்கிறார், அவளை ஒட்டி மாமனார் நேசையன், நேற்றுச் சாயங்காலமே பாறசாலையிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். நேமத்தில் வீட்டு வாசலில் வண்டி கிளம்பும் முன்னால் வழக்கம்போல ஜெபம். மாமியாரின் ஜெபம் லேசில் முடிவதில்லை, டயர், பிரேக், எதிரே வரும் லாரிக்காரன், டாக்டரின் கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, கடைசியில் குரலை இறக்கி, "எங்க பிள்ள வேல செய்யுற எடத்த ஆசீர்வதியும் ஆண்டவரே, அவன் இருக்குற நாற்காலிய ஆசீர்வதியும்" என்றாள். அவனும் ஆமென் சொன்னான். எந்த நாற்காலி? அதில் இப்போது எவன் உட்கார்ந்திருக்கிறானோ, ஆசீர்வாதம் முழுக்க அவனுக்குப் போயிருக்கும்.

வேலை போய் ஒன்றரை மாதம் ஆகிறது. கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முன்னால் வைத்து, புராஜெக்ட் முடிந்துவிட்டது, வருத்தமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் ஒரு பெண், வயது இருபத்தைந்துகூட இருக்காது. அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், வாசல்படி ஏறும்போது சொல்லத்தான் வந்தான், உள்ளே அஞ்சு போனில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள், நேசையன் ஊர்ச் சபையில் மருமகனின் வேலைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை போட்ட கதை ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு, அதற்கு மறுநாள்... காலையில் சட்டை மாட்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டு, வண்டியை எடுத்து நேரே சங்குமுகம், கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, மடிக்கணினியை மடியில் வைத்து ஊரிலுள்ள கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம், மதியம் வண்டிக்குள்ளேயே சாப்பாடு, சாயங்காலம் டிராபிக்கில் மாட்டிய முகத்தோடு வீடு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் டிங் என்று ஒரு சத்தம், மேப் கேட்கிறது, மலையாளத்தில், மரியாதையாக... நீங்கள் வேலை செய்யும் இடம் இதுவா? சோற்றுக் கையோடு சிரித்தான், சிரிப்பு என்று நினைத்துத்தான் தொடங்கினான், அது அழுகையாகப் போய் முடிந்தது. நீ வேலை செய்கிறாயா என்று ஒரு ஜீவன் கேட்டதே! இடது கைக் கட்டைவிரலால் 'ஆம்' என்று தட்டிவிட்டான். அன்றிலிருந்து மேப்பில் சின்னக் கைப்பெட்டிப் படம், அதன் கீழே 'வேலை', அதைத் தொட்டால் நீலக்கோடு ஓடிப்போய்ச் சங்குமுகம் கடற்கரையில் நிற்கும். அழித்திருக்கலாம், ஒரு நிமிடம் ஆகாது, தினமும் அழிக்கத்தான் நினைத்தான், மனம் வரவில்லை. அந்தப் பெட்டி இருக்கும்வரை எங்கேயோ ஓரிடத்தில் வேலை இருப்பதுபோல ஒரு அற்ப ஆறுதல், வேறென்ன... நேற்று ராத்திரியாவது அழித்திருக்க வேண்டாமா, மடையா!

அந்தக் கறுப்பு டப்பாவைக் கழற்றாமல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு நேசையன் ஷார்ஜாவிலிருந்து ஆள் மூலம் வரவழைத்துக் கொடுத்த ஜிபிஎஸ், கண்ணாடியில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு வெள்ளைக்காரி கரமனையைக் 'க்ராமானா' என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பாள். கழக்கூட்டத்தில் மேல்பாலம் வந்த பிறகு அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பாலத்தின் உச்சியில் போகும்போது வலது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று கைப்பிடிச் சுவரைக் காட்டுவாள். இவன்தான் பெரிய கம்ப்யூட்டர்காரன் ஆயிற்றே, மாமா, போன்லயே வழி ஒக்க இருக்கு, இந்த டப்பா எதுக்கு என்று பிடுங்கிக் கொடுத்துவிட்டான். மனுஷன் முகம் சுருங்கியது, டப்பாவைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய்ப் பாறசாலை வீட்டு ஷோகேசில் வைத்துவிட்டார். அந்த வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும்? ரோடு தெரியும். அவ்வளவுதான். நேற்று எங்கே போனாய், அங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய், அதுதான் உன் வேலையா... ஒன்றும் கேட்கமாட்டாள், வாயை மூடிக்கொண்டு கிடப்பாள். இந்தப் போன் அப்படியா, வழி காட்டுகிறேன் என்று முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு ஆளையே கவனித்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் முன்கூட்டியே யோசிப்பதுதான் அவன் பிழைப்பாக இருந்தது. சாஃப்ட்வேரில் எந்தப் பொத்தானை எவன் தெரியாமல் அமுக்கினால் எங்கே மானம் போகும் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் ஆறு வருஷம் சம்பளம் வாங்கினான்.

கிள்ளிப்பாலம் தாண்டியதும் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் கையை நீட்டி வண்டிகளை ஒரு சந்துக்குள் தள்ளிவிட்டார். போச்சு. இரண்டு வளைவு திரும்பியதும் மூன்று வழி, முன்னால் போன ஆட்டோவும் காணாமல் போய்விட்டது, எது எங்கே போகிறதென்று ஒரு எழவும் தெரியவில்லை. "எங்கோட்டு போறே மக்ளே? அந்த மேப்ப இடு" என்றார் நேசையன். "வழி தெரியும் மாமா, இப்போ மெயின் ரோட்டுல கேறிரும்." "தெரிஞ்சா பின்னே ஏன் பம்மிட்டு நிக்குற? ஒம்பதரைக்கு டோக்கன் விளிப்பாங்க." அவன் கை கியரிலிருந்து எழும்புவதற்குள் அஞ்சுவின் கை ஸ்டாண்டில் இருந்த போனுக்குப் போய்விட்டது, அவள் விரல் வைத்தாலும் அந்தப் போன் திறக்கும், ஒளிக்க ஒன்றும் இல்லாத காலத்தில் அவனே பதிந்து கொடுத்தது... திறந்தது. திறந்ததும் மேலே வந்து விழுந்தது ஒரு அறிவிப்பு, சங்குமுகம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று, கீழே ஐந்து நட்சத்திரமும் வாயைப் பிளந்துகொண்டு. அஞ்சு பெருவிரலால் அதை ஓரமாகத் தள்ளினாள். பார்த்தாளா? படித்தாளா? எல்லாரும் படிக்காமல்தானே தள்ளுவார்கள், அவனே எத்தனை முறை தள்ளியிருக்கிறான். அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை, ஆஸ்பத்திரிப் பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள், இருநூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும் என்றது போன். திரும்பினான். மூச்சு வந்தது.

ஈஞ்சக்கலில் பைபாஸ் ஏறியாயிற்று, இனி நேர் ரோடு, பிழைத்தோம் என்று ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நேசையன் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார். "மக்ளே பிரவினே, அம்மைக்கு கண்ணுல மருந்து ஊத்தி ரெண்டு மணிக்கூர் சும்மா ஒக்காத்தி வைப்பாங்க. அஞ்சு கூட இருக்கட்டு. நான் ஒன்கூட வாறேன், கேட்டியா, ஒன் ஆபீஸ வெளிய நின்னு ஒருக்கா கண்டுட்டு ஆட்டோ பிடிச்சு வந்துருகேன். கல்யாணம் கழிஞ்சு நாலு வருஷமாச்சு, மருமவன் வேல பாக்குற எடம் ஏதுன்னு ஊருல கேட்டா கையால காட்டத் தெரியல்ல எனக்கு." பிரவின்ராஜ் சாக்குகளை மனசுக்குள் அடுக்கினான். கழக்கூட்டம் டிராபிக் மாமா, இன்னொரு நாள் போகலாம் மாமா... "அது எத்தற தூரம்னு இதுல காட்டும்லா" என்று சொல்லிக்கொண்டே மனுஷன் கையை நீட்டிவிட்டார். அவர் பாறசாலையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்பவர், மண்டிக்குப் போகவர இதே மேப்தான், இவன்தான் போன கிறிஸ்துமசுக்கு உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தான், பெட்டிப் படத்தைத் தொட்டால் வேலை, வீட்டுப் படத்தைத் தொட்டால் வீடு, ரொம்ப எளிது மாமா என்று! தடித்த சுட்டுவிரல், நகத்தில் வாழைக்கறை, ஓடிக்கொண்டிருந்த வழியை மூடியது, பெட்டியை அமுக்கியது. பிரேக் போடலாமா, போனைப் பிடுங்கிக் கீழே போடலாமா, முன்னால் போகும் பஸ்சில் லேசாக இடித்துவிட்டால்கூடத் தேவலை... நீலக்கோடு பைபாசை விட்டு இறங்கி, விமான நிலையத்துச் சுவரை ஒட்டி ஓடி, தண்ணீர் நிறம் தொடங்குகிற இடத்தில் போய் நின்றது.

"இது என்னது, கடலுக்கில்லா போவுது?" நேசையன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். "கழக்கூட்டம் அங்கோட்டு அல்லே? பெட்டிய இங்க கொண்டு வச்சிருக்கு... இத்தற பக்கமா மக்ளே ஒன் ஆபீசு?" சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு, ஒரு வாக்கியம்தானே, எனக்கு வேலை இல்லை மாமா, நான் தினமும் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன் மாமா... பின்னாலிருந்து ஒரு லாரி ஹார்ன் அடித்து அவனைத் தாண்டிப் போனது. "அது புதிய கெட்டிடம் அப்பா" என்றாள் அஞ்சு. குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "ஏர்போர்ட்டுக்கு அந்தப் பக்கம். இவங்க டீம அங்கோட்டு மாத்தியாச்சு. வெளியாளுவள கேட் கிட்டகூட நிக்க விடமாட்டாங்க, பயங்கர செக்யூரிட்டி. நீங்க போயி வெயில்ல நிக்கவேண்டாம்." "ஓ... கடல் காத்து வாங்கிட்டு வேல செய்யலாமில்லா" என்றார் அவர். "தேவன் நல்லவரு" என்றாள் ரத்னாபாய், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து. அஞ்சு மறுபடி ஆஸ்பத்திரியைத் தட்டினாள், நேராகச் செல்லவும் என்றது போன், நேராகச் சென்றான். இவளுக்கு யார் சொன்னது புதிய கட்டிடம் என்று? போனைப் பார்த்துவிட்டு அவளாகவே அப்படி நம்பிக்கொண்டாளா? பாவம், புருஷன் பொய் சொல்லமாட்டான், போனும் பொய் சொல்லாது, அப்படியானால் கட்டிடம்தான் இடம் மாறியிருக்க வேண்டும் என்று அந்த ஒரு நொடியில் கூட்டிக் கழித்திருப்பாள்... சீ, எப்பேர்ப்பட்ட பயல் நான், ஒன்றும் அறியாதவளையும் சேர்த்துப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று நினைத்தான், அந்த நினைப்பிலேயே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் மாமியாரைக் கைபிடித்து இறக்கிக்கொண்டு போனார். "டோக்கன் எடுத்துட்டு இரிங்க அப்பா, வண்டிய ஒதுக்கிட்டு வாறேன்" என்ற அஞ்சு இறங்கவில்லை. மதிலோரம், பூவரச நிழலில் வண்டியை நிறுத்தினான், எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் பேச வேண்டிவரும். அவள் போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றி எடுத்தாள், பெட்டிப் படத்தை அழுத்திப் பிடித்தாள், மாற்று என்று வந்தது, மாற்றினாள், சங்குமுகம் போய் ஒரு வெற்றுப் பெட்டி வந்து நின்றது. "இதுல இத வைக்கவேண்டாம் அத்தான். அப்பா திரும்பவும் தொட்டுப் பாப்பாரு." சொல்லிவிட்டுப் போனை அவன் பக்கம் நீட்டினாள். "என்ன எழுதட்டும்?" கோபம் இல்லை, குழம்புக்கு முருங்கைக்காய் போடட்டுமா கத்தரிக்காய் போடட்டுமா என்று கேட்கிற அதே குரல். "அஞ்சு... ஒனக்கு எப்போ..." அவள் கண் நிறைந்திருந்தது, காவலாளி விசிலை ஊதிக்கொண்டு இங்கே நிறுத்தக்கூடாது என்று தூரத்திலிருந்து கையை ஆட்டினான். எப்போது? போன வாரமா? இன்றைக்கா? சாயங்காலம் அவன் ஷூ லேசை அவிழ்க்கும்போதே அடுக்களையிலிருந்து கேட்பாளே, ஆபீஸ்ல என்ன விசேஷம் என்று, கல்யாணமான நாள் முதல் ஒருநாள் தவறாமல் கேட்பாளே, சில நாள் எரிச்சல்கூட வருமே... கடைசியாக அதை எப்போது கேட்டாள்? நேற்று? இல்லை. போன வாரம்? இல்லை. பின்னோக்கிப் போய்ப் போய் அந்தக் கண்ணாடி அறைச் சாயங்காலம் வரைக்கும் தேடிப் பார்த்தான், அன்றைக்கு வாசல்படி ஏறி வந்தபோதுகூட அவள் அப்பாவின் அழைப்பை வைத்துவிட்டு இவன் முகத்தைப் பார்த்தாள், சாப்பிடுங்க என்றாள், அவ்வளவுதான். இந்த ஒன்றரை மாதமும் அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. இவனேதான் தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மீட்டிங் என்றும் மேனேஜர் என்றும் கேண்டீனில் உப்பில்லை என்றும் இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் பரிமாறிக்கொண்டே ம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.